விரலை எப்படி மூடுவது

ஆரணியில் எங்கள் தெருவில் இருபது பேர் குலுக்கல் சீட்டு போட்டிருந்தோம். எழுபதுகளின் கடைசி அது. பெயரை அவரவரே எழுதி மடித்துக் குடத்தில் போட்டோம். மாதம் ஒரு பெயரை எடுத்தவர் ஒரு பட்டு நெசவாளர். குடத்தில் கைவிடும்போது சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார். அதனாலேயே அவரை நம்பினோம். நான் மட்டும் மீதிச் சீட்டுகளை எண்ணிவிட்டுத்தான் எழுவேன்.

சீட்டில் இருந்த, தறியில் ஏற்றும் பாவு நூலுக்குக் கஞ்சி போடும் ஒரு அம்மாவுக்கு மகள் கல்யாணம் நெருங்கியிருந்தது. ஒன்பது மாதமாகியும் அவர் பெயர் வரவில்லை. மனது கேட்காமல் நெசவாளரிடம் தனியாகக் கேட்டேன்.

"கஞ்சிக் கையோட மடிச்சிருக்காங்க சார். அவங்க சீட்டு மட்டும் மொறமொறன்னு இருக்கும். தெரிஞ்சி எடுத்தா தப்பாச்சே, ஒதுக்கிகினே வந்தேன்."

"செவுத்தப் பாத்துதானே எடுக்கறீங்க?"

"கண்ண மூடிக்கலாம், வெரல எப்டி சார் மூடறது?"

"ஒதுக்கினா அவங்களுக்குக் கடைசியிலதானே வரும்?"

அதை அவர் யோசித்திருக்கவில்லை.

அடுத்த குலுக்கலில் அவர் கை குடத்துக்குள்ளேயே நின்றது.

"இன்னாபா, உள்ளயே தூங்கிட்டியா?" என்றார் ஒருவர்.

வெறுங்கையை வெளியே எடுத்தார். "இனிமே நான் வேணாம். வேற யாராவது எடுங்க."

அரிசி மண்டிக்காரர் எடுத்தார். வேறு யாருடைய பெயரோ வந்தது.

"எல்லாம் என் நேரம்," என்று அந்த அம்மா எழுந்து போனார். நெசவாளர் தலை நிமிரவில்லை.

அன்றைக்கு வராததை நேரம் என்றே சொல்லலாம். அதற்கு முந்தைய ஒன்பது மாதங்களை என்னவென்று சொல்வது?