தைவோவுக்குத் தொப்பை கிடையாது

என் வீட்டுக்காரர் கெஹிண்டே ஊருக்குப் பெரிய போட்டோகிராபர். வீட்டில் ஒரு ஆணி அடிக்கத் துப்பில்லை. இத்தனைக்கும் மூன்று தலைமுறையாக உளி பிடித்த குடும்பம். என் மாமனார் இழைத்த கதவுகள் எங்கள் இலேஷா ஊரில் பாதி வீடுகளில் இன்னும் கிறீச்சிடுகின்றன. "மரத்துக்கு ஆறு மாசம், கேமராவுக்கு ஒரு நொடி. எதுடி புத்திசாலித்தனம்?" என்பார் இவர். சோம்பேறித்தனத்துக்கு அப்படியும் ஒரு பெயர் உண்டு போலிருக்கிறது.

ஆனால் கேமராவின் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுவிட்டால் ஆளே வேறு. யாரும் சிரிக்கக் கூடாது. இரண்டு கையும் முழங்கால் மேல் இருக்க வேண்டும். "ரெண்டு காதும் தெரியணும்யா. படத்துல ஒண்ணுதான் விழுந்தா, இன்னொண்ண எங்க வித்தேன்னு ஊரு கேக்கும்" என்று ஊர்த்தலைவரையே அதட்டுவார். அவரும் ஆட்டுக்குட்டி மாதிரி திரும்பி உட்காருவார்.

இவர் பேர் வாங்கியது இரட்டைப் படத்தில். எங்கள் பக்கம் இரட்டைப் பிள்ளைகள் அதிகம். அதில் ஒன்று தவறிப்போவதும் அதிகம். தவறியதை விட்டுவிட்டு மற்றதை மட்டும் படம் எடுக்க எந்தத் தாய்க்கும் மனசு வராது. அதனால் இருக்கிற பிள்ளையை ஒரே பிலிமில் இரண்டு தரம் உட்கார வைப்பார். லென்ஸில் ஒரு பாதியைக் கறுப்பு அட்டையால் மறைத்து ஒரு தரம். பிள்ளை இடம் மாறியதும் அட்டையையும் மாற்றிப் பிடித்து இன்னொரு தரம். படத்தில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் வளர்ந்து உட்கார்ந்திருப்பார்கள். ஒட்டு எங்கே என்று பூதக்கண்ணாடி வைத்துத் தேடினாலும் அகப்படாது.

ஊர்த் தாய்மாருக்கெல்லாம் செய்தவர் பெற்ற தாய்க்கு, என் அத்தைக்கு, மட்டும் செய்யவில்லை. இவரும் இரட்டையில் ஒன்றுதான். முதலில் வெளியே வந்த தைவோ தம்பி. உலகம் எப்படி இருக்கிறது, பார்த்து வா என்று அவனை அனுப்பிவிட்டுச் சாவகாசமாக வந்த இவர் அண்ணன். எங்கள் வழக்கு அது. நோட்டம் பார்க்க வந்தவனுக்கு உலகம் பிடிக்கவில்லை, ஏழாம் மாதமே போய்விட்டான். மாமனார் அவனுக்குப் பதிலாகச் செதுக்கிய மரப்பொம்மையை அத்தை குளிப்பாட்டி, உடுத்தி, தட்டைப்பயறு ஊட்டி வைத்திருந்தாள். கிறிஸ்தவ சபையில் சேர்ந்ததும் போதகர் அதை எரிக்க வைத்தார். அந்தப் போதகர் வீட்டுச் சுவரில் சிலுவையைவிட அவர் படம்தான் பெரிது.

அன்றிலிருந்து அத்தை இரட்டைப் படம் கேட்டாள். இவர் லென்ஸ் சரியில்லை, மழை மூட்டம் என்று வருஷக்கணக்காக நழுவினார். இதற்குள் அத்தைக்கு ஒரு கண் போய்விட்டது. மற்றதும் மழைக்காலம் தாண்டாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்.

எனக்குப் பொறுக்கவில்லை. மகள் பெயர் சொல்லி இவரைக் கூப்பிட்டேன். "மோரெனிகே அப்பா, ஊரான் வீட்டுப் புள்ளைங்கள எல்லாம் உக்கார வச்சீங்க. சொந்தத் தம்பிக்கு ஒரு நாற்காலி இல்லையா?"

"அவன் எடத்துல நான் எப்படிடி உக்காருவேன்? அனுப்புனவனே நான்தானே."

ஐம்பத்திரண்டு வயசுத் தடியன் இதையா சுமந்துகொண்டு திரிந்தான்! "அட்டைய நான் புடிக்கிறேன், போய் உக்காருங்க" என்று தள்ளினேன்.

இடது நாற்காலியில் கெஹிண்டேவாக உட்கார்ந்தார். அது சுலபமாக முடிந்தது. தைவோவாக வலது நாற்காலிக்கு மாறியதும் ஓரமாக இருந்த அத்தை கத்தினாள். "தைவோவுக்குத் தொப்ப கெடையாது. வயித்த உள்ள இழுடா!"

"இரட்டைன்னா ரெண்டும் ஒரே மாதிரிதானம்மா இருக்கும்?"

"அவன் பங்குப் பயறையும் சேத்துத் தின்னவன் நீ. அவன் எதத் தின்னு தொப்ப போடுவான்?"

மூச்சைப் பிடித்து இழுத்தார். "தைவோ, இங்க பாருடா கண்ணு" என்று அத்தை கூப்பிட்டாள். இவர் நிமிர்ந்து பார்த்தார். நான் ஷட்டரின் ரப்பர் குமிழை அமுக்கினேன்.

மறுநாள் இருட்டறையிலிருந்து முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார். படத்தில் வலது பக்கத்து ஆளின் கன்னத்தில் ஈரக்கோடு. அழுகிறவர்களை முகம் கழுவிவரத் துரத்துகிற மனுஷன் இவர். "பாழாப் போச்சு" என்று கிழிக்கப் போனார். அத்தை பிடுங்கி, மூக்கில் இடிக்கிற அளவுக்கு நல்ல கண்ணருகே பிடித்தாள்.

"தைவோ அழுறானா?"

"ஆமாம்மா. குடு, வேற எடுத்துத் தரேன்."

"வேணாம். போற அன்னிக்கு அழக்கூடத் தெம்பில்லாமப் போன புள்ள. இப்பவாவது அழட்டும், விடு."