ஏலக்காய் போட்ட ஐரிஷ் கிரீம்

என் மனைவி நர்ஸ். கல்யாணமான இரண்டாவது வருஷம் அவளுக்கு அயர்லாந்தில் ஒரு சிறிய ஊர் மருத்துவமனையில் வேலை கிடைத்தது. முதலில் அவள் போவது, சில மாதங்களில் நானும் விசா வாங்கிக்கொண்டு போய்ச் சேர்வது என்று பேச்சு. அவள் போய்விட்டாள். என் விசா வரவில்லை.

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில், பெயின்ட்டுக்கு ரெசின் காய்ச்சும் கம்பெனி ஒன்றில் நான் கெமிஸ்ட். காலை ஷிப்ட் முடிந்து மத்தியானமே வீட்டுக்கு வந்துவிடுவேன். அதற்குப் பிறகுதான் தொல்லை. சாப்பிட்டுப் படுத்தால் கண் மூடாது. எழுந்து ஸ்டேஷன் வரைக்கும் நடப்பேன். சென்னையிலிருந்து வரும் மின்ரயில்கள் பல அங்கேயே நின்று திரும்பிப் போகும். காலிப் பெட்டி ஒன்றில் ஏறி உட்கார்ந்திருப்பேன். கிளம்பும் நேரத்தில் இறங்கி வேறு தெரு வழியாக வீட்டுக்கு வருவேன். அம்மா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இன்னாடா, செருப்பு தேயணும்னு வேண்டுதலா?" என்பாள்.

முதல் லீவுக்கு கிறிஸ்துமஸ் சமயத்தில் மனைவி வந்தாள். பெட்டியில் ஸ்வெட்டர்களுக்கு நடுவே சுருட்டி வைத்த இரண்டு பாட்டில்கள். ஒன்று விமான நிலையத்தில் எல்லாரும் வாங்கும் பெரிய பெயருள்ள ஐரிஷ் கிரீம். இன்னொன்று அவள் ஊர் சூப்பர் மார்க்கெட்டின் சொந்தச் சரக்கு. அம்மா வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்குத் திராட்சை ஒயின் போடுகிறவள். ஒயின் வேறு, சாராயம் வேறு என்பது அவளுடைய சட்டம். இந்தப் பாட்டிலை எந்தப் பக்கம் சேர்ப்பதென்று அவளுக்குத் தெரியவில்லை. ஒரு டம்ளரில் கொஞ்சம் ஊற்றி மோந்து பார்த்தாள்.

"இன்னாமா இது, பால்கோவாவ கரைச்சு வச்சாப்ல கீது?"

"பாலும் விஸ்கியும் அத்தை. கொஞ்சமா குடிங்க."

"விஸ்கியா!" என்ற அம்மா, டம்ளரைக் கீழே வைக்காமலே குடித்து முடித்தாள்.

நான் இரண்டையும் மாற்றி மாற்றிக் குடித்துப் பார்த்தேன். பெரிய பெயருள்ளதில் முதலில் பாலின் கொழுப்பு நாக்கில் படிந்தது. சாக்லேட் அதன் மேல் மெதுவாக ஏறியது. விஸ்கி தொண்டைக்குப் போன பிறகுதான் சூடாகத் தெரிந்தது. மூன்றும் எங்கே ஒட்டியிருக்கின்றன என்று கண்டுபிடிக்க முடியவில்லை. சூப்பர் மார்க்கெட் பாட்டில் இன்னும் தண்ணீராக இருந்தது, இனிப்பு முந்திக்கொண்டது. ஆனால் கடைசியில் ஒரு கசப்பு விட்டுப்போனது, அதற்காகவே இன்னொரு வாய் குடிக்கலாம்போல் இருந்தது. மனைவி நான் பேசுவதைக் கேட்டுச் சிரித்தாள். "லேப் ரிப்போர்ட் மாதிரி சொல்றீங்க."

அவள் திரும்பிப் போனாள். பாட்டில்கள் தீர்ந்தன. மத்தியானங்கள் மறுபடி ஆரம்பித்தன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில், இதை வீட்டில் செய்ய முடியுமா என்று கேட்டேன். வார்டில் ஒரு அம்மா செய்வார்களாம் என்று சொல்லி, அவள் ஒவ்வொன்றாக அடுக்கினாள்: கிரீம், டின் பால், விஸ்கி, காபி, சாக்லேட் பவுடர்.

"அளவு?"

"கண்ணளவுதானாம்."

கண்ணளவு என்ற சொல் அந்த வாரம் முழுக்க என்னை அரித்தது.

என்னோடு கம்பெனியில் பாய்லர் பார்க்கும் நண்பன் ஒருவன் ஆரம்பாக்கத்திலிருந்து ரயிலில் வருவான். வீட்டில் தெலுங்கு, வெளியே தமிழ். அவன் வீட்டில் எருமை உண்டு. அவனிடம் பாலேடு கேட்டேன். தூக்குச்சட்டி நிறையக் கொண்டுவந்தான். எல்லாவற்றையும் மிக்ஸியில் ஒன்றாக ஊற்றி, நன்றாகக் கலக்கட்டும் என்று விடாமல் ஓட்டினேன். மூடியைத் திறந்தால் மேலே வெண்ணெய் உருண்டையாக மிதந்தது, கீழே விஸ்கி மோர். அம்மா வெண்ணெயை வீணாக்க மனமில்லாமல் உருக்கினாள். தெருவில் போனவர்கள் நின்று மூக்கை உறிஞ்சினார்கள்.

"இந்த நெய்ல தோசை சுட்டுத் துன்னுட்டு சர்ச்சுக்கு எப்பிடிடா போவேன்?" என்றாள். ஆனாலும் சுட்டாள்.

அடுத்த முறை மிக்ஸியைத் தொடவில்லை. கரண்டியால் கலக்கினேன். காபிக்குப் புதிதாக இறக்கிய டிகாஷனை ஆற விடாமல் ஊற்றினேன். ஆறும்வரை காத்திருக்க அப்போது என்னால் முடியாது. கண் முன்னாலேயே எல்லாம் திரிந்து கட்டி கட்டியாகப் பிரிந்தது. அன்று கூட வந்திருந்த நண்பன் எட்டிப் பார்த்தான்.

"நைனா, இது பன்னீரு. வெங்காயம் போட்டு வதக்கிடு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று காலைதான் விசா மறுப்புக் கடிதம் வந்திருந்தது. காரணம் என்று ஒரே ஒரு வரி, அதுவும் படித்தால் புரியாத வரி. பாத்திரத்தை அப்படியே போட்டுவிட்டு வெளியே போனேன். நண்பன் கூடவே வந்தான். தொழிற்பேட்டை ரோட்டில் இரும்பு ஏற்றிய லாரிகளுக்கு ஓரமாக ரொம்ப தூரம் நடந்தோம்.

"திரும்ப எழுதிப் போடலாம்ல?" என்றான்.

"போடலாம்."

"அப்போ இன்னாத்துக்கு பேஜாரு?"

காத்திருப்பது ஒரு வேலையாக இருந்தால் செய்துவிடலாம். அது வேலையாக இல்லை.

மறுபடி விண்ணப்பம் போட்டேன். மூன்றாவது முறையும் செய்தேன். இந்தத் தடவை எல்லாவற்றையும் ஃபிரிட்ஜில் குளிர வைத்தேன். பாக்கெட் கிரீம் வாங்கினேன். இன்ஸ்டன்ட் காபியையும் கோகோவையும் துளித் தண்ணீரில் குழைத்தேன். டின் பாலை முதலில் கலந்து, விஸ்கியைக் கடைசியில், ஆய்வகத்தில் அமிலம் சேர்ப்பதுபோல் சொட்டுச் சொட்டாக விட்டேன். திரியவில்லை. பாட்டிலில் அடைத்து ஒரு வாரம் தொடக்கூடாது என்று வைத்தேன். மறுநாளே தொட்டேன். அதற்கு மறுநாளும். ஒவ்வொரு நாளும் கொஞ்சம் நன்றாகிக்கொண்டு வந்தது, ஆனால் அவள் கொண்டுவந்ததுபோல் ஆகவில்லை. இனிப்பு ஓடிவந்து முன்னால் நின்றது, காபி பின்னால் வந்தது. நம்மூர் விஸ்கி வெல்லப்பாகு வாடையோடு, கூப்பிடாத ஆள் மாதிரி, எல்லாம் முடிந்த பிறகு தனியாக வந்தது.

அடுத்த லீவில் மனைவி வந்தபோது பெட்டியில் பெரிய பாட்டில் ஒன்றும், துண்டில் சுற்றிய ஜாம் பாட்டில் ஒன்றும் இருந்தன.

"இது இன்னாது?" என்று ஜாம் பாட்டிலைத் தூக்கிக் கேட்டேன்.

"நான் பண்ணது" என்றாள்.

அவளோடு ஒரே வீட்டில் தங்கியிருக்கும் நர்ஸுகள் சேர்ந்து, குளிர்காலத்தில் ஆளுக்கொரு விதமாகச் செய்து பார்ப்பார்களாம். இவள் ஏலக்காயும் சுக்கும் தட்டிப் போட்டிருக்கிறாள். அங்கே எல்லாருக்கும் அதுதான் பிடித்ததாம். கைகளை ஆட்டி ஆட்டிச் சொன்னாள்.

அன்று நண்பனும் வந்திருந்தான். எதில் எது என்று சொல்லாமல் அம்மா உள்ளே போய், நான் புதிதாகச் செய்து வைத்திருந்ததையும் சேர்த்து மூன்றையும் டம்ளர்களில் ஊற்றிக் கொண்டுவந்தாள். மனைவி என்னுடையதை மோந்ததுமே ஒதுக்கி வைத்தாள். "இது நம்ம ஊரு சரக்கு." நண்பனுக்கு அதுதான் பிடித்தது. "இதுலதான் கிக்கு வருது" என்றான். அம்மா கடைப் பாட்டிலை விட்டுக்கொடுக்கவில்லை. நான் மனைவி செய்ததை வாயில் வைத்திருந்தேன். சுக்கின் காரமும் விஸ்கியின் சூடும் எது எது என்று தெரியாமல் கலந்திருந்தன. ஏலக்காய் முழுங்கிய பிறகும் போகவில்லை. நான் அத்தனை மாதம் முயன்றது அதில் இருந்தது.

"இதான்" என்றேன்.

நண்பன் ரயிலுக்குப் போனான். அம்மா டம்ளர் கழுவப் போனாள். நான் மனைவியிடம் கேட்டேன்.

"நான் இங்க பாலேட்ட வச்சிக்கினு அல்லாடுறேன்னு ஒனக்குத் தெரியும். நீயும் பண்றேன்னு ஏன் சொல்லல?"

அவள் ஜாம் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"சொன்னா, நான் அங்க நல்லாகீறேன்னு நெனச்சுக்குவீங்க."

"நல்லாத்தான் கீறியா?"

"ஆமாங்க" என்றாள். "அதான் சொல்லல."

நான் எழுந்து செருப்பைத் தேடினேன். அவள் என் கையைப் பிடித்தாள்.

"எங்கியும் போவாதீங்க. உக்காருங்க. நீங்க வர ஆசப்படுறீங்களா, இல்ல, நான் போயிட்டேன்னு வரணும்னு நெனைக்கிறீங்களா?"

விண்ணப்பம், விசா என்று எத்தனையோ பேசியிருந்தோம். இதை யாரும் என்னிடம் கேட்டதில்லை. தெரியவில்லை என்றுதான் சொன்னேன். அவளுக்குக் கோபம் வரவில்லை. "தெரியலன்னாலும் ஒரு வாட்டி வந்து பாருங்க. புடிக்கலன்னா ரெண்டு பேரும் திரும்பிடலாம்" என்றாள். உள்ளேயிருந்து அம்மா, "போயிட்டு வாடா. ஊட்டுல நீ நடக்குற நடைக்குத் தரை தாங்காது" என்றாள்.

மழைக்காலம் தொடங்கும் முன் விசா வந்தது. அம்மாவைப் பள்ளிப்பட்டில் இருக்கும் அக்கா வீட்டில் விட்டுவிட்டு நான் போனேன். அங்கே எனக்கு ஒரு பால் தொழிற்சாலையின் ஆய்வகத்தில் வேலை கிடைத்தது. டேங்கரில் வரும் பாலில் கொழுப்பு பார்க்கும் வேலை. அவள் ஷிப்ட் முடித்து வரும்போது நான் கிளம்பிக்கொண்டிருப்பேன். வாசலில் இரண்டு வார்த்தை பேசிக்கொள்வோம். லீவு நாட்களில் சேர்ந்து சமைத்தோம், சண்டையும் போட்டோம். அந்த ஊர் எனக்குப் பிடித்ததா என்று அவள் அடிக்கடி கேட்டாள். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு பதில் சொன்னேன். சில நாள் கோபமாக, சில நாள் சந்தோஷமாக. எந்தப் பதிலும் பொய்யில்லை. அவளும் கேட்பதை நிறுத்தவில்லை.