என் மகளுக்கும் கைகொடுத்தேன்

ஜெர்மனியில், கெல்சென்கிர்ச்சனில் இருபத்திரண்டு வருடங்களாகப் பஸ் ஓட்டுகிறேன். ஏறுகிற ஒவ்வொருவருக்கும் முகம் பார்த்துக் காலை வணக்கம் சொல்லுவேன். இந்த ஊர்ச் சனம் லேசில் வாய் திறக்காது. அட்டையைக் காட்டிவிட்டு, நான் ஏதோ கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்ட மாதிரி உள்ளே போய்விடுவார்கள். நான் விடமாட்டேன். இறங்கும்போதும் கண்ணாடியில் பார்த்து, நல்ல நாளாகட்டும் என்பேன். இரண்டு மூன்று மாதத்தில் அவர்களே முந்திக்கொண்டு சொல்லத் தொடங்குவார்கள். டிப்போவில் எனக்குச் 'சூரியன்' என்று பட்டப்பெயர். பகிடிதான், ஆனாலும் உள்ளூரப் பெருமை பிடிபடாது. இயேசுவை அறிவிக்க என் ஜெர்மன் போதாது, என் முகம் போதும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் தமிழ்ச் சபையிலும் வாசல் பொறுப்பு எனக்குத்தான். ஞாயிற்றுக்கிழமை ஜெர்மன்காரர் ஆராதனை முடித்துப் போன பிறகு, பின்னேரம் அவர்களுடைய மண்டபம் எங்களுக்கு. இரண்டரை மணிக்கே கோட்டும் சூட்டுமாக வாசலில் நின்றுவிடுவேன். வருகிறவரின் கையை என் இரண்டு கைகளாலும் பிடித்து, "ஸ்தோத்திரம், சந்தோசமா வாங்கோ" என்பேன். எத்தனை பேர் வந்தாலும் கடைசி ஆளுக்கும் முதல் ஆளுக்குக் கிடைத்த அதே சிரிப்புத்தான்.

"உங்கட பல்லுத்தான் முதல்ல வரும், நீங்கள் பிறகுதான் வருவியள்" என்று என் மனைவி சொல்லுவாள். அவள் என்னைப் போலில்லை. நான் நூறு பேருக்குக் கைகொடுத்து முடிப்பதற்குள், அவள் யாரோ ஒருத்தியின் பக்கத்தில் உட்கார்ந்து அவளுடைய கதை முழுவதையும் கேட்டு முடித்திருப்பாள். யாருக்குச் சுகமில்லை, யாருடைய பிள்ளை வீட்டை விட்டுப் போய்விட்டது என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். எனக்கு எல்லோரும் நன்றாக இருக்கிறார்கள் என்பது மட்டுமே தெரியும்.

ஒருமுறை, புருஷனை இழந்து மூன்று கிழமையான ஒரு பெண் வாசலிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார். "அக்கா, அண்ணை கர்த்தரிட்டத்தானே போயிருக்கிறார். நாங்களே அழுதா மற்றவை எங்கட விசுவாசத்தைப் பற்றி என்ன நினைப்பினம்?" என்றேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். பெரிய ஊழியம் செய்துவிட்ட நினைப்பில் அதை வீட்டில் வந்து சொன்னேன். மனைவி எனக்குச் சோற்றைப் போட்டு வைத்துவிட்டு, அந்தப் பெண்ணுக்குத் தொலைபேசி எடுக்கப் போய்விட்டாள்.

அதற்கு அடுத்த வருடம் என் மனைவிக்கு வயிற்றில் புற்றுநோய் என்றார்கள். ஐந்து மாதம். ஒரு புதன்கிழமை காலை ஆஸ்பத்திரியில் போய்விட்டாள். மகளும் நானும் பக்கத்தில் இருந்தோம். மகள் எங்களுக்கு ஒரே பிள்ளை, டார்ம்ஸ்டாட்டில் பொறியியலாளராக வேலை. மறுநாள், லீவு எடுத்துக்கொண்டு கறுப்பு உடுப்பும் கொண்டு வருகிறேன் என்று போனாள்.

எங்கள் ஊரில் என்றால் அடுத்த நாளே அடக்கம். அழுவதற்கு வீடு நிறையச் சனம் இருக்கும், அழாதவனையும் அழவைத்துவிடுவார்கள். இங்கே கல்லறைக்கும் டெர்மின் எடுக்க வேண்டும், அவர்கள் தருகிற நாள்தான் நாள். எங்களுக்கு அடுத்த கிழமை வெள்ளிக்குத்தான் கிடைத்தது. இடையில் ஒரு ஞாயிறு வந்தது. என் மனைவி எங்கோ ஒரு குளிர் அறையில் கிடந்தாள், நான் வீட்டில் ஒரு கதிரையிலிருந்து இன்னொரு கதிரைக்கு மாறி மாறி உட்கார்ந்துகொண்டிருந்தேன். மத்தியானமானதும் எழும்பி முகம் சவரம் செய்து, கோட்டைப் போட்டுக்கொண்டு சபைக்குப் போனேன்.

போதகர் என்னைக் கண்டு திகைத்தார். "அண்ணை, நீங்கள் இண்டைக்கு உள்ளுக்குப் போய் இருங்கோ. வாசலை நான் பாக்கிறன்" என்றார். "இல்லை பாஸ்டர், இண்டைக்குத்தான் நான் நிக்க வேணும்" என்றேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. வந்தவர்களும் என் கையைப் பிடித்தபடி, என்ன விசுவாசம், என்ன விசுவாசம் என்று ஆளை ஆள் பார்த்துக்கொண்டார்கள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: அந்த நேரத்தில் எனக்கு அது இனித்தது.

அந்த வரிசையில்தான் என் மகள் வந்தாள். மூச்சு வாங்க, தலைமுடி கலைந்து, ஜாக்கெட்டின் பொத்தான் மாறிப் பூட்டியபடி வந்தாள். அவளைக் கண்டதும் நெஞ்சுக்குள் ஏதோ உடைந்து மேலே ஏறியது. அது முகத்துக்கு வந்தால் எல்லாம் போய்விடும் என்று பயந்தேன். கையை நீட்டி, அவளுடைய கையை என் இரண்டு கைகளாலும் பிடித்து, "ஸ்தோத்திரம் பிள்ளை, சந்தோசமா உள்ளுக்கு வாங்கோ" என்றேன். அதே சிரிப்பு. அவள் என் முகத்தையே பார்த்தாள். அவளுக்குப் பின்னால் ஒரு குடும்பம் தள்ளுவண்டியில் குழந்தையோடு நின்றது. நான் அவர்கள் பக்கம் திரும்பிவிட்டேன்.

அவள் உள்ளே வரவில்லை. வீட்டுக்குப் போனபோது படுத்திருந்தாள், தலையிடி என்றாள். வெள்ளிக்கிழமை கல்லறையிலும் நான் வந்தவர்களை வரவேற்றுக்கொண்டுதான் நின்றேன். அவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. என்னைப் போலவே உறுதியான பிள்ளை என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் தலையாட்டினேன்.

பிறகு ஞாயிறுதோறும் மாலையில் எனக்குத் தொலைபேசி எடுப்பாள். "ஸ்தோத்திரம் அப்பா. சுகமா இருக்கிறியளோ? நானும் நல்ல சந்தோசமா இருக்கிறன். வேலையும் நல்லாப் போகுது. சரி, வைக்கட்டே?" அவ்வளவுதான். தாயோடு மணிக்கணக்கில் பேசி, மேலதிகாரியைத் திட்டி, கறிக்கு எவ்வளவு புளி என்று கேட்டுச் சண்டை பிடித்த பிள்ளை அவள். எனக்கு அது உறைக்கவில்லை. ஆண்டவர் பிள்ளையைத் தேற்றிவிட்டார் என்று சபையில் சாட்சி கூடச் சொன்னேன்.

நாலாம் மாதம், டார்ம்ஸ்டாட்டில் படிக்கிற எங்கள் சபைப் பெண் ஒருத்தி விடுமுறைக்கு வந்திருந்தாள். வாசலில் கைகொடுத்து, மகளைக் கண்டாயா என்று சும்மா கேட்டேன். அவள் தயங்கினாள்.

"உங்களுக்குத் தெரியாதோ அங்கிள்? அக்கா ஏழு கிழமையா வேலைக்குப் போறேல்லை. டொக்டர் லீவு எழுதிக் குடுத்திருக்கிறார். வெளியிலயும் வாறேல்லை. நான் சாப்பாடு கொண்டு போனாலும் கதவடியிலயே வாங்கிப்போட்டு அனுப்பிவிடுவா."

வேலை நல்லாப் போகுது என்று போன ஞாயிறுதான் என்னிடம் சொல்லியிருந்தாள். அன்றைக்கு மற்றவர்களுக்குக் கைகொடுத்தேனா என்று ஞாபகமில்லை. அடுத்த நாள் விடியவே வேலைக்கு வர ஏலாது என்று டிப்போவுக்குச் சொல்லிவிட்டு ரயில் ஏறினேன்.

மகள் கதவைத் திறந்தாள். பாதியாக மெலிந்திருந்தாள். என்னைக் கண்டதும் அவள் முகம் முழுக்கச் சிரிப்பு வந்தது. "ஸ்தோத்திரம் அப்பா, வாங்கோ, வாங்கோ" என்றாள். அது என்னுடைய சிரிப்பு. அதற்குப் பின்னால் எவ்வளவு பெரிய கதவு பூட்டிக் கிடக்கும் என்று எனக்குத் தெரிந்த அளவுக்கு யாருக்குத் தெரியும்?

சமையலறையில் உட்காரவைத்துத் தேநீர் போட்டாள். பயணம் சுகமா, பஸ் வேலை எப்படி என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். கண் இரண்டும் வீங்கியிருந்தன.

"அழுதனியோ பிள்ளை?"

"இல்லை அப்பா, தடிமன், மூக்கடைப்பு."

"நான் ஜெபிக்கட்டோ?"

"ஓம் அப்பா, ஜெபியுங்கோ" என்று தலையைக் குனிந்துகொண்டாள். அப்போதும் சிரிப்பு மாறவில்லை. நான் கண்ணை மூடினேன். வாய் நிறைய ஜெபம் பண்ணுகிற எனக்கு ஒரு சொல் வரவில்லை. கடைசியில் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்துத்தான் பேசினேன்.

"அம்மா செத்துப்போனா, பிள்ளை."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கர்த்தரிடம் போய்விட்டாள், இளைப்பாறுகிறாள் என்றெல்லாம் நாலு மாதமாக எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். இதை மட்டும் நான் எவரிடமும் சொன்னதில்லை.

"அண்டைக்கு உன்னைக் கட்டிப்பிடிச்சு அழுதிருக்க வேணும். ஆக்கள் பாத்துக்கொண்டு நிண்டவை. எனக்குப் பயமாக் கிடந்தது" என்றேன்.

சிரிப்பு அவள் முகத்தை விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. தேநீர்க் கோப்பையைத் தள்ளி வைத்தாள்.

"நான் ஸ்டேஷனில இருந்து நேரா வீட்டைதான் வந்தனான் அப்பா. உங்களைக் காணேல்லை. ஃபோனும் எடுக்கேல்லை. ஒவ்வொரு அறையாத் தேடினன். குளியலறைக் கதவு சாத்தியிருந்தது. அதைத் திறக்கப் பயந்து அதுக்கு முன்னால எவ்வளவு நேரம் நிண்டன் எண்டு உங்களுக்குத் தெரியாது. அம்மாவோட நீங்களும் போயிட்டியள் எண்டு நினைச்சன். பிறகு சபைக்கு ஓடி வந்தன். நீங்கள் எனக்குக் கைதந்தியள்."

நான் எழுந்து போய் அவளை அணைத்துக்கொண்டேன், என் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. நாலு மாதம் பிந்தி, டார்ம்ஸ்டாட்டில் ஒரு மூன்றாம் மாடிச் சமையலறையில், நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்து என் மனைவியின் செத்தவீட்டை நடத்தினோம்.