துரைசாணி நடித்த படம்

பள்ளி நாடகத்துக்காக மகள் பூசியிருந்த அரிதாரத்தைக் கோல்ட் கிரீம் தடவித் துடைத்தேன். அந்த வாசனையில் நானுஓயாவுக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பங்களா நினைவுக்கு வந்தது. அம்மா அங்கே ஆயா. வெள்ளைக்காரத் துரையின் மனைவி, கல்யாணத்துக்கு முன் லண்டனில் நாடகத்திலும் சினிமாவிலும் நடித்தவர். நடிப்பை விட்டு வெகுகாலமாகியும், தினமும் அந்தக் கிரீமைப் பூசி, இல்லாத அரிதாரத்தை மெதுவாகத் துடைப்பார்.

ஒருநாள் அவர் நடித்த படம் நுவரெலியாவுக்கு வந்தது. மத்தியானக் காட்சிக்கு அம்மாவையும் சிறுபிள்ளையான என்னையும் காரில் கூட்டிப்போனார். படத்தில் அவர் வேலைக்காரி. தேநீர்த் தட்டை மேசையில் வைத்துவிட்டு உள்ளே போனவர், பிறகு வரவேயில்லை.

திரும்பும் வழியில், "எப்படி, ஆயா?" என்று கேட்டார்.

"நல்லாத்தான் தூக்கிட்டு வந்தீங்க, தொரசாணி. அப்புறம் ஏங்க காணோம்?"

"அவ்வளவுதான் குடுத்தாங்க. பத்து வருஷம் நடிச்சேன். எப்பவும் வேலைக்காரி."

"எனக்கும் இங்க பத்து வருஷந்தாங்க" என்றார் அம்மா, விளையாட்டாக அல்ல.

பங்களா வந்ததும் துரைசாணி, "இன்னிக்கு டீ வேணாம். நீ வீட்டுக்குப் போ" என்றார்.

வெயில் இருக்கும்போதே அம்மா தொழிலாளர் லயத்திலிருந்த எங்கள் வீட்டுக்குத் திரும்பி நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.