புல் போட்ட நசீமா அக்கா

போன மாதம் ஒரு காலையில் குமரேசன் சார் போன் செய்தார். "டேய், நம்ம பழைய சர்வர் பாஸ்வேர்ட் ஞாபகம் இருக்கா?" என்றார். இருக்கிறது என்றேன். "சரி, அது வேண்டாம். நசீமா போயிட்டாங்கடா. நெஞ்சு வலிக்குதுன்னு உக்காந்தாங்களாம், அவ்ளோதான்" என்று சொல்லிவிட்டு அழுதார். சாவைக்கூட நேராகச் சொல்ல வராத மனிதர்.

மேற்குத் தாம்பரத்தில் ஸ்வீட் கடை மாடியில் இருந்த எங்கள் வெப் டிசைன் கம்பெனியை உங்களில் பலர் அறிவீர்கள். உங்கள் கடைக்கோ பள்ளிக்கோ நாங்கள் சைட் போட்டிருப்போம். திறந்ததும் நாதஸ்வரம் வாசித்து, பார்க்கிறவரை நாற்காலியிலிருந்து தூக்கிப் போட்டிருக்கும். கேட்டது நீங்கள்தான். குமரேசன் சார் முதலாளி, நான் கோடிங், நசீமா அக்கா டிசைன். ஆள் அவ்வளவுதான். யாராவது போன் செய்தால், "டிசைன் டிபார்ட்மெண்டுக்கு மாத்துறேன் சார்" என்று குமரேசன் சார் சொல்லி, ரிசீவரைப் பக்கத்து மேசையில் இருக்கும் அக்காவிடம் நீட்டுவார்.

அக்கா குரோம்பேட்டையில் கல்யாணப் பத்திரிகை அச்சகத்திலிருந்து வந்தவர். முதல் மாதம் அவர் செய்த சைட் எல்லாவற்றிலும் ஓரத்தில் தங்கநிறக் கொடி ஓடியது. பைல்ஸ் டாக்டரின் சைட்டும் பார்ப்பவரைக் குடும்பத்தோடு வருமாறு அழைத்தது. ஒரு பள்ளித் தாளாளர் தன் படத்தைப் பெரிதாக்கு, இன்னும் பெரிதாக்கு என்று நச்சரித்தபோது அக்கா அமைதியாகக் கேட்டார்: "சார், இப்பவே ஸ்கூலைவிட நீங்க பெருசா இருக்கீங்க. பசங்க எந்த வழியா உள்ள போவாங்க?" அந்த வேலை போய்விட்டது. சார் இரண்டு நாள் பேசவில்லை.

பிறகு மனை விற்கிறவர் வந்தார். வெள்ளைச் சட்டை, விரல் நிறைய மோதிரம். பள்ளிக்கரணைப் பக்கம் சதுப்பை ஒட்டிய நிலத்தில் கல் நட்டு, அதற்கு 'அவென்யூ' என்று பெயரும் வைத்திருந்தார். அக்காவிடம் கொஞ்சம் பேசிவிட்டு வியந்தார்: "முஸ்லிமா இருந்துகிட்டு தமிழ் நல்லா பேசுறீங்களே!"

"உங்க அளவுக்கு வராது சார். ட்ரை பண்ணிட்டிருக்கேன்."

அவர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார். இந்த ஊரில் இப்படிப்பட்டவர்கள்தான் யார் எங்கே குடியிருக்கலாம் என்று முடிவு செய்கிறார்கள்.

அவர் கொடுத்த சிடியில் இருந்த படங்களெல்லாம் கார்த்திகை மழையில் எடுத்தவை. எல்லாம் தண்ணீர். நட்ட கற்களின் தலை மட்டும் தெரிந்தது. "தண்ணிய எடுத்துட்டுப் புல்லு போட்டுடுங்க" என்றார், சட்டையில் கறை எடுக்கச் சொல்வதுபோல.

அவர் போனதும் அக்கா சாரிடம் சொன்னார்: "சார், நான் கறுப்பு மாப்பிள்ளையச் செவப்பாக்கியிருக்கேன். வழுக்கைக்கு முடி வெச்சிருக்கேன். ஆனா மாப்பிள்ளையே இல்லாத கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிச்சதில்ல."

"இந்த வேலையும் போச்சுன்னா ஆபீஸ இழுத்து மூடணும்மா."

அக்கா போட்டார். கிரிக்கெட் மைதானத்துப் புல்லை எடுத்துத் தண்ணீரின் மேல் விரித்தார். படத்தின் ஒரு மூலையில் அவர் அழிக்காமல் விட்ட நீர்க்கோழி ஒன்று மட்டும் புல்மேல் நின்றது. "அது எங்க போகும் சார், அதோட வூடு அது" என்றார். மனைக்காரர் உற்றுப் பார்த்து, "இருக்கட்டும், மயில்னு நெனச்சுப்பாங்க" என்று சொல்லிவிட்டார்.

மனையை விசாரிப்பவர்களின் போனையும் நாங்களே எடுத்துப் பேசித் தர வேண்டும் என்பது ஏற்பாடு. இலவச சேவை என்று சார் வாக்குக் கொடுத்திருந்தார். வருகிற போன் கடைசியில் யார் கைக்குப் போகும் என்று மேலே சொல்லியிருக்கிறேன்.

மாசி மாதம் அஸ்தினாபுரத்திலிருந்து ஒரு பெண் கூப்பிட்டார். பெயர் விஜயா. தாலிக்கொடியைத் தவிர நகையெல்லாம் விற்று முன்பணம் கட்டப் போவதாகவும், திங்கட்கிழமை எத்தனை மணிக்கு வரலாம் என்றும் கேட்டார். அக்கா என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு ரிசீவரை மாற்றிப் பிடித்தார்.

"மனையப் பாத்தீங்களாக்கா?"

எதிர்முனைக் குரல் எனக்கே கேட்டது. "போன வாரம் பாத்தோமே. காஞ்சு கெடந்துது."

"இப்பக் காஞ்சுதான் கெடக்கும். மழையில போய்ப் பாத்தீங்களா?"

"சைட்ல பச்சைப்பசேல்னு புல்லு இருக்குதே?"

"அந்தப் புல்லு நான் போட்டது."

"நீங்க தோட்டக்காரங்களா?"

"கம்ப்யூட்டர்ல போட்டேங்கா. அடியில தண்ணி. ஒரு மழை பாத்துட்டு வாங்குங்க. நெலம் எங்கயும் ஓடாது, முழுகத்தான் செய்யும்."

அதன்பின் வந்த ஒவ்வொரு போனுக்கும் இதையே சொன்னார். ஒருவரிடம், "நீச்சல் தெரியும்னா தாராளமா வாங்குங்க சார்" என்றார். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். சார் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காதில் விழாமல் இல்லை.

விஜயாவின் கணவர் மனைக்காரரிடமே போய், "ஒரு மழை பாத்துட்டு வாங்குறோம், உங்க ஆபீஸ் அம்மாதான் சொன்னாங்க" என்று வெள்ளந்தியாகச் சொல்லிவிட்டார். மறுநாள் மனைக்காரர் ஆட்களோடு மாடியேறி வந்தார்.

"யாரு சொன்னது?"

"நான்தான்" என்றார் அக்கா. "தமிழ்லதான் சொன்னேன். நல்லாப் புரிஞ்சிருக்குது போல."

இந்த அம்மாவை இப்போதே அனுப்பு என்று மனைக்காரர் கத்தினார். சார் அனுப்பிவிட்டார். அக்கா சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். பாதியில் திரும்பி, "தம்பி, டாக்டர் சைட்ல அந்தக் கொடிய எடுத்துடு. நோயாளி பயந்துடப் போறாரு" என்றார். அடுத்த மாதம் அச்சகத்துக்கே திரும்பினார். சதுப்பை விற்றவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர் இப்போது கார் மாற்றிவிட்டார். சாரை மன்னித்துவிட்டேன் என்று இங்கே எழுதினால் அக்காவே சிரிப்பார்.

அந்த ஐப்பசியில் விஜயா அலுவலகத்துக்கு வந்தார். முழங்கால்வரை புடவை நனைந்திருந்தது. மனையைப் பார்த்துவிட்டு நேராக வந்திருந்தார். "புல்லு போட்டவங்க எங்க?" என்று கேட்டார். சார்தான் தலையைக் குனிந்துகொண்டு அக்காவின் வீட்டு விலாசத்தைச் சொன்னார்.

அக்காவை அடக்கம் செய்த மறுநாள் அவர் வீட்டுக்குப் போனேன். பெண்கள் பக்கத்தில் விஜயாவும் இருந்தார். நசீமாவுக்கு நீங்கள் என்ன உறவு என்று ஒரு மூதாட்டி அவரிடம் கேட்டதற்கு, "எங்க நகைய எங்க கழுத்துலயே விட்டவங்க இவங்க" என்றார். பிறகு மூக்கைச் சிந்திக்கொண்டு சொன்னார்: "இப்பல்லாம் ஒரு மிக்ஸி வாங்கப் போனாக்கூட எங்க வீட்டுக்காரரு, 'மழையில போய்ப் பாத்தியா'ன்னு கேக்குறாரு." முதலில் சிரித்தது அக்காவின் கணவர். அந்த வீட்டில் அன்று அப்படிச் சிரிக்கலாமா என்று தெரியாமல் நாங்களும் சிரித்தோம்.

எனக்கும் மிச்சம் அந்தக் கேள்விதான். பழைய மகாபலிபுரம் சாலையில் இப்போது நான் வேலை செய்யும் பெரிய அலுவலகத்தில், பளபளப்பான எதையாவது யாராவது நீட்டும்போதெல்லாம், மழையில் பார்த்தீர்களா என்று கேட்கிறேன். சிலர் யோசிக்கிறார்கள். சிலருக்குக் கோபம் வருகிறது. கோபப்படுகிறவர்களிடம் நான் எதையும் வாங்குவதில்லை.