பாட உபாசகி

"பயந்தவங்க எல்லாம் முன்னாடி வாங்க! தைரியசாலிங்க போய் காப்பி குடிச்சிட்டு வரலாம்!"

வாய்மொழித் தேர்வு நாளில் இம்மா கப்பியெல்லோ மாணவர்களை அழைப்பது இப்படித்தான். பெயர்ப்பட்டியல் கையில் இருக்கும். அதை விசிறியாகத்தான் பயன்படுத்துவாள். ஜூன் மாத நேப்பிள்ஸில், நான்காம் மாடியில், திறக்க வராத ஜன்னல் உள்ள அறையில் வேறென்ன செய்வது? நடுங்கிக்கொண்டு வந்து உட்காரும் பெண்ணின் கையில் முதலில் ஒரு தரல்லியைத் திணிப்பாள். மிளகு போட்ட முறுமுறு பிஸ்கட். "கடிம்மா, நல்லா சத்தமா கடி. வாயில ஏதாவது இருந்தா பல்லு தந்தியடிக்காது."

அவளுக்கு நாற்பத்தொரு வயது. வாரத்தில் நான்கு நாள் ரயிலடிப் பக்கத்து மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. செவ்வாயும் வியாழனும் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் வகுப்பு எடுப்பாள். பாடம் பேராசிரியர் தெ லெல்லிஸுடையது என்று பேர். மாணவர்களுக்குப் போகும் மின்னஞ்சலின் அடியில் அவர் பெயர் இருக்கும், எழுதியவள் இவள். சென்ற ஆண்டு அவர் ஒரு புத்தகம் போட்டார். முன்னுரையில் மனைவிக்கு நன்றி, மாமியாருக்கு நன்றி, வீட்டு நாய்க்கு நன்றி. மூன்றாம் அத்தியாயத்தை உட்கார்ந்து முழுக்கத் திருத்திக் கொடுத்தவளுக்கு அரை வரிகூட இல்லை. "நாய் என்னைவிட நல்லா திருத்தியிருக்கும் போல," என்று அவள் சிரித்தாள். கேட்டவர்களுக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

அவள் பார்க்கும் வேலைக்கு இங்கே வைத்திருக்கும் பெயர் இன்னும் அக்கிரமம். உதவியாளர் என்று சொல்ல மாட்டார்கள். சொன்னால் ஊதியம் கேட்டுவிடுவார்களே! ‘குல்த்தோரே’ என்பார்கள். பாடத்தின் உபாசகர் என்று பொருள். பக்தி செய்கிறவர்களுக்குப் பணம் எதற்கு? "சர்ச்சுக்குப் போறவளுக்கு எவனாவது சம்பளம் குடுப்பானா, சொல்லுங்க?" என்பாள் இம்மா. அந்த உபாசனைக்கும் ஆண்டுதோறும் அக்டோபரில் தெ லெல்லிஸ் ஒரு கடிதம் கொடுத்தாக வேண்டும். கடிதம் இல்லையென்றால் அவளுக்கு வகுப்பறையே கிடையாது. பதினோரு ஆண்டுகளாக வாங்கிக்கொண்டிருக்கிறாள்.

ஏன் விடமாட்டேன் என்கிறாள் என்று கேட்பவர்கள் அவள் தேர்வு நடத்துவதை ஒருமுறை பார்க்க வேண்டும். புத்தகத்தை ஒப்பிக்கிறவர்களை இரண்டு நிமிடம் விடுவாள். "பாட்டு முடிஞ்சுதா? இப்ப சொல்லு, உங்க வீட்டுல பாத்திரம் யாரு கழுவுறா?" வேலைப்பிரிவினை பற்றிய கேள்வி அது. ஒரு பையன் "மெஷின்" என்றானாம்.

"மெஷின்ல யாருடா அடுக்குறா?"

"அம்மா."

"அப்போ அம்மாவை வரச்சொல்லு. மார்க்கு அவங்களுக்குத்தான்."

போன வியாழக்கிழமை தொனாத்தோ ரூசியெல்லோ வேலைச் சீருடையிலேயே வந்து உட்கார்ந்தார். நகரப் பேருந்து ஓட்டுநர், ஐம்பத்தாறு வயது. ஏழு ஆண்டுகளாக வேலை நேரம் போகப் படிக்கிறார். இது அவருக்குக் கடைசிப் பாடம். இதில் முப்பதுக்கு முப்பது வந்தால்தான் மொத்த சராசரி ஏறும். ஏறினால்தான் முதுகலையில் இடம். அதற்கும் ஜூலையோடு கதவை மூடிவிடுவார்கள்.

இம்மா அரைமணி நேரம் துருவித் துருவிக் கேட்டாள். மனிதர் அசையவில்லை. ஒதுக்கிவைத்தல் என்றால் என்ன என்று கேட்டபோது, புத்தகத்தில் உள்ள மூன்று விளக்கங்களையும் சொல்லி, எது எங்கே சறுக்குகிறது என்பதையும் சொன்னார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"கூட்டமான பஸ்ல யாரு பக்கத்து சீட்டு கடைசி வரைக்கும் காலியா இருக்கோ, அவங்களைத்தான் இந்த ஊரு ஒதுக்கியிருக்கு, புரொஃபசரம்மா. இருபத்தாறு வருஷமா கண்ணாடியில பாத்துட்டிருக்கேன். அதுக்கு ஒரு பேரு இருக்குன்னு இங்க வந்துதான் தெரிஞ்சுது."

"முப்பது," என்றாள் இம்மா. வாசலில் காத்திருந்த பிள்ளைகள் கைதட்டினார்கள்.

அப்போதுதான் தெ லெல்லிஸ் வந்தார். கறுப்புக் கண்ணாடி நெற்றியில் ஏறியிருந்தது. காலையிலிருந்து எட்டிப் பார்க்காதவர், உட்காரக்கூடச் செய்யாமல் மதிப்பெண் தாளைப் புரட்டினார்.

"பஸ் டிரைவரா? முப்பதா? இருபத்தாறு போதும்ப்பா உனக்கு. பட்டத்தை வச்சுக்கிட்டு பஸ்ஸை வேகமாவா ஓட்டப்போறே?"

தன்னைவிட மூத்த மனிதரை நீ, உன் என்கிறார்!

"புரொஃபசரம்மா முப்பதுன்னு சொன்னாங்களே, சார்."

"அவங்க புரொஃபசர் இல்லப்பா, உபாசகி. பிடிக்கலையா, மார்க்கை வேணாம்னு சொல்லிடு. அது உன் உரிமை. செப்டம்பர்ல வந்து மறுபடி உக்காந்து பதில் சொல்லு."

நல்ல உரிமை! செப்டம்பரில் வந்து மூடிய கதவைத் தடவிப் பார்க்கவா?

"சார், அவரை ஒரே ஒரு கேள்வி கேளுங்க," என்றாள் இம்மா. "நீங்களே கேளுங்க. அப்புறம் குறைங்க."

"எனக்கு ரோம் ரயிலுக்கு நேரமாச்சும்மா. சாயங்காலம் சமத்துவமின்மை பத்திப் பேசணும்."

தாளில் இருபத்தாறு என்று எழுதி, கையெழுத்தைக் கிறுக்கி அவள் பக்கம் தள்ளினார். தேர்வுக் குழு என்றால் இரண்டு பேர். இரண்டு கையெழுத்து இல்லாத தாள் வெறும் காகிதம். பெரிய மனிதருக்கு உபாசகியின் தயவு தேவைப்படும் ஒரே இடம் அதுதான்.

"போடும்மா. அக்டோபர் ஒண்ணும் ரொம்ப தூரத்துல இல்ல."

தொனாத்தோவுக்குப் புரிந்துவிட்டது. "வேணாம் புரொஃபசரம்மா. எனக்காக உங்க இடத்தைக் கெடுத்துக்காதீங்க. நான் இருபத்தாறையே வாங்கிக்கிறேன்."

இம்மா பேனாவைத் தொடவில்லை. எழுந்தாள். தான் உட்கார்ந்திருந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மேசையைச் சுற்றி வந்தாள். ஓட்டுநரின் நாற்காலியை ஒட்டி அதைப் போட்டு உட்கார்ந்து, கைகளை மடியில் வைத்துக்கொண்டு, முதல் கேள்விக்குக் காத்திருப்பவள் மாதிரி பேராசிரியரை நிமிர்ந்து பார்த்தாள்.