வளரும் எலும்பின் கறுப்புக் கோடு

சித்தூரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நான் எக்ஸ்ரே எடுப்பவனாக இருந்தேன். ஆந்திரா தனி மாநிலமாகிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. ஆனாலும் எந்த ஊர் எந்தப் பக்கம் என்ற பேச்சு ஓயவில்லை. திருத்தணிப் பக்கம் அப்போது எங்கள் ஜில்லாவில்தான் இருந்தது. அங்கே ஒரு கிராமத்திலிருந்து ஒரு விவசாயி தன் ஒன்பது வயது மகளைத் தூக்கிக்கொண்டு வந்தார். கரும்பு வண்டியிலிருந்து குதித்தபோது கால் மாட்டிக்கொண்டதாம். இடது முழங்கால் வீங்கியிருந்தது.

குழந்தைகளின் எலும்பு நுனியில், அது வளருகிற இடம் படத்தில் ஒரு கறுப்புக் கோடாகத் தெரியும். உடைந்த இடமும் கறுப்பாகத்தான் தெரியும். அந்தக் கோட்டிலேயே அடிபட்டால் ஒன்றுக்குள் ஒன்று ஒளிந்துகொள்ளும். பிலிமைக் கழுவும்போது தொடை எலும்பின் கோடு உள்பக்கம் சற்று அகலமாக எனக்குப் பட்டது. டாக்டருக்குத் தெரியாததா என்று வாயை மூடிக்கொண்டேன்.

டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "முறிவு இல்லை. வீக்கம் வடிஞ்சா நடப்பா."

அவர்கள் ஊருக்குப் போய்விட்டார்கள். இரண்டு நாள் கழித்து, அதே வயதுப் பிள்ளை ஒன்றின் முழங்கால் படம் கைக்கு வந்தது. கோடு நூல் மாதிரி மெல்லியதாக இருந்தது. பழைய பிலிமை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். அந்தப் பெண்ணின் கோடு உள்பக்கம் அதைவிட இரண்டு மடங்கு அகலம்.

இரண்டையும் டாக்டரிடம் கொண்டுபோனேன். வெளிச்சத்தில் சேர்த்துப் பிடித்துப் பார்த்தார். "அன்னைக்கே ரெண்டு காலையும் படம் எடுத்திருக்கணும். நீயே போய்க் கூட்டிட்டு வா" என்றார்.

பஸ் பிடித்துப் போனேன். வாசலில் அம்மா கையைப் பிடித்தபடி அந்தப் பெண் அழுதுகொண்டே நடந்துகொண்டிருந்தாள்.

"ஒடையலன்னு டாக்டரே சொல்ட்டாரே சாரு" என்றாள் அம்மா. "பழகட்டும்னு காலைலேர்ந்து நடக்க வெச்சிக்கினு இருக்கேன்."

"உடனே உக்கார வைங்கம்மா" என்றேன். என் குரல் எனக்கே பயமாக இருந்தது.

இந்தத் தடவை இரண்டு முழங்காலையும் படம் எடுத்தோம். வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது. எலும்பின் நுனி கோட்டோடு பிரிந்து, கொஞ்சம் நகர்ந்தும் இருந்தது. நகர்ந்தது விழுந்த அன்றைக்கா, நடக்க வைத்த அன்றைக்கா, இன்றுவரை எனக்குத் தெரியாது. மாவுக்கட்டுப் போட்ட பிறகு டாக்டர் அப்பாவிடம் சொன்னார்: "எலும்பு கூடிடும். அது வளருமாங்கிறதுதான் பயம். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை கொண்டு வா."

முதல் ஆறு மாதத்தில் வந்தார்கள். கால் நேராக இருந்தது. அடுத்த தடவை வரவில்லை. அதற்குள் எல்லை முடிவாகி அவர்கள் ஊர் மெட்ராஸ் பக்கம் போயிருந்தது. கடிதம் போட்டேன்; பதில் இல்லை. வெளியே யாராவது குழந்தையோடு வந்தால் எழுந்து எட்டிப் பார்ப்பேன்.

ஒரு வருடத்துக்கும் மேல் கழித்து வந்தார்கள். அவள் ஓடித்தான் வந்தாள், சிரித்துக்கொண்டு. இடது முழங்கால் வெளிப்பக்கமாக வில் போல வளைந்திருந்தது.

"இனிமே இங்க சேத்துக்க மாட்டாங்கன்னு ஊர்ல சொன்னாங்க சாரு" என்றார் அப்பா. "வலின்னும் சொல்லல. ஆடிக்கினு ஓடிக்கினுதான் இருந்தா."

இருட்டறையில் சிவப்பு விளக்கின் கீழ் படம் மெல்ல எழுந்து வந்தது. கோட்டின் உள்பாதியைக் காணோம். அங்கே எலும்பு மூடி உறைந்துவிட்டிருந்தது. வெளிப்பாதி மட்டும் வளர்ந்துகொண்டே காலைத் தள்ளியிருந்தது.

வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம், நானும் கூடப் போனேன். எலும்பை வெட்டி நேராக்கி, மறுபடி வளையாதபடி மிச்சமிருந்த கோட்டையும் மூடினார்கள். அந்தத் தொடை எலும்பு இனி முழங்கால் பக்கம் வளராது, வலது கால் வளர்ந்துகொண்டே போகும், குறை வருடா வருடம் கூடும் என்று அங்கிருந்த டாக்டர் விளக்கினார். அப்பா தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப அந்த நல்ல காலு வளர்றத நிறுத்திட முடியாதா சாரு?"

ஆத்திரத்தில் கேட்கிறார் என்று நினைத்து அவர் தோளைத் தொட்டேன்.

"முடியும்" என்றார் டாக்டர். "இன்னும் ரெண்டு வருஷம் போகட்டும். அதைத்தான் செய்யப்போறோம்."

செய்தார்கள். அவள் விரற்கடை அளவு குறையோடு, நேராக நடந்தாள். கூடப் படித்த பெண்களெல்லாம் அவளைவிட உயரமானார்கள். அவள் அப்பா என்னை ஒரு நாளும் குறை சொன்னதில்லை.